மூணாம் நம்பர் கழுத்து

உக்காருங்க. உள்ள ஒருத்தர் இருக்காரு, அவருக்கு இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். சங்கிலியை இப்பவே கழட்ட வேணாம், கூப்பிடறப்போ கழட்டி என் கையில கொடுங்க. தாலியைக் கழட்ட மாட்டேன்னா சொல்லிடுங்க, முதுகுப் பக்கமாத் தள்ளி பிளாஸ்திரி போட்டு ஒட்டிடறேன். முன்னாடி கழுத்துல எதுவும் இருக்கக் கூடாது. அங்கதான் ஸ்டிக்கர் ஒட்டுவாங்க.

பயப்படற டெஸ்ட்டு இல்ல இது. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க மாட்டாங்க. காதுல ஒரு குழாய் வெப்பாங்க, அதுல டொக் டொக்னு சத்தம் வரும், கொஞ்சம் பலமாவே வரும். நீங்க தலையை ஒரு பக்கம் திருப்பி கழுத்தை விறைப்பா வெச்சுக்கணும். காதுக்குள்ள கேக்கறதுக்குன்னு ஒரு இடம், ஆடாம நிக்கறதுக்குன்னு ஒரு இடம்னு இருக்காம். நிக்கற இடம் நல்லா இருந்தா, டொக்னு சத்தம் வர்றப்பல்லாம் கழுத்துச் சதை ஒரு துளி நேரம் தளரும். உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும், அதை ஒரு அலையாப் போட்டுக் காட்டும். அலை பெருசா வந்தா காது நல்லா இருக்கு. சின்னதா வந்தா சரியில்ல.

அப்படித்தான் நாங்களும் நெனச்சுக்கிட்டு இருந்தோம். அதுலதான் என் பேரு கெட்டுச்சு.

என் பேரு சவரியம்மா. இந்த ஆஸ்பத்திரியில பதினேழு வருஷமா அட்டெண்டர். அதுல ஒன்பது வருஷம் இந்தத் தலைசுத்தல் ரூம்ல. எனக்குத் தலைசுத்தல் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். மாடிப்படியில கைப்பிடியைப் பிடிச்சுத்தான் இறங்குவேன், கைப்பிடின்னு ஒண்ணு வெச்சிருக்கறது எதுக்கு. வராண்டாவுல செவுத்தை ஒட்டி நடப்பேன், நடுவுல ஸ்ட்ரெச்சர் வரும். எங்க வீட்டுக்காரர் வண்டியில பின்னாடி உக்காந்து போறதை விட்டுட்டேன், அது அவர் ஓட்டற லட்சணம். மத்தபடி எனக்கு ஒண்ணும் கிடையாது.

உள்ள டெஸ்ட்டு எடுக்கறாங்களே, அவங்க நிலோஃபர் மேடம். பாலக்கரைப் பொண்ணு. காது சம்பந்தமா மேல்படிப்பு படிச்சாங்க, படிச்சு முடிக்க ஒரு ஆராய்ச்சி செஞ்சு காட்டணுமாம். எங்க பெரிய டாக்டர் கோதண்டபாணி சார்தான் அவங்களுக்கு வழி சொல்லணும். அவர் ஒரு நாள் இந்த ரூம்ல வெச்சே சொன்னார், நான் தரை துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

"ஒரே ஆளுக்கு இன்னைக்கு ஒரு அளவு வருது, அடுத்த வாரம் வேற அளவு வருது. எதை நம்பி நான் நோயாளிக்குச் சொல்றது? முதல்ல இந்த டெஸ்ட்டை நம்பலாமான்னு பாரும்மா."

சரின்னு மேடம் இருபது பேரைச் சேர்த்தாங்க. காதுல ஒரு குறையும் இல்லாதவங்க இருபது பேர். ஒவ்வொருத்தருக்கும் வாரம் ஒரு தடவைன்னு நாலு தடவை எடுக்கணும். நாலு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தா டெஸ்ட்டு நல்ல டெஸ்ட்டு. நர்சுங்க வந்தாங்க, படிக்கற பிள்ளைங்க வந்தாங்க, கேன்டீன்காரர் வந்தார். "நீங்களும் வர்றீங்களாக்கா"ன்னு என்னையும் கேட்டாங்க. ஒன்பது வருஷமா மத்தவங்களைப் படுக்க வெச்ச கட்டில்ல நானும் படுத்தேன். பேரு போட மாட்டாங்க, நம்பர்தான். நான் மூணாம் நம்பர்.

நாலு வாரமும் போனேன். ஒரு வாரம் தவறல. கேன்டீன்காரர்கூட ஒரு வாரம் வரல, நான் போனேன்.

அஞ்சாவது வாரம் மேசையைத் துடைக்கறப்போ மேடத்தோட ஃபைலு திறந்து கிடந்தது. படிக்கணும்னு படிக்கல, கண்ணுல பட்டுச்சு. வரிசையா நம்பர். மூணுக்கு நேரா சிவப்பு மையில இங்கிலீஷ்ல என்னமோ எழுதி, அடியில கோடு வேற. எனக்கு எழுத்துக் கூட்ட வரும், அர்த்தம் வராது. ஒரு சீட்டுல பார்த்து எழுதிக்கிட்டேன். இதே பெஞ்சுல, இப்ப நீங்க உக்காந்திருக்கற இடத்துல, ஒரு டீச்சர் உக்காந்திருந்தாங்க, மண்ணச்சநல்லூர்க்காரங்க. அவங்ககிட்ட காட்டினேன்.

"அன்ரிலையபிள். நம்ப முடியாதவங்கன்னு அர்த்தம்"னாங்க.

நம்ப முடியாதவங்க.

நீங்களே சொல்லுங்க. வர்றவங்க அத்தனை பேரும் கழுத்துல கிடக்கறதைக் கழட்டி என் கையிலதான் கொடுக்கறாங்க. மூணு பவுன், அஞ்சு பவுன், ஒரு அம்மா பதினொரு பவுன் கொடுத்தாங்க. துணியில முடிஞ்சு இடுப்புல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், டாய்லெட்டுக்குக்கூடப் போக மாட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா சங்கிலியைக் காணோம்னு கத்திச்சு. செக்யூரிட்டி வந்து என் சாப்பாட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தாங்க. என் தக்காளி சாதத்தைக் கிளறிப் பார்த்தாங்க. சாயங்காலம் அந்த அம்மாவோட மருந்துப் பையிலயே சங்கிலி இருந்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லல. நானும் எதிர்பார்க்கல. ஆனா நம்ப முடியாதவங்கன்னு இந்த ரூம்லயே எழுதி வெச்சா எனக்கு எப்படி இருக்கும்.

மறுநாள் காலையில பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சு உள்ள வந்தார். மேடமும் இருந்தாங்க. சீட்டை எடுத்து மேசையில வெச்சேன்.

"இது என்ன மேடம்?"

மேடம் சீட்டை எடுத்துப் பார்த்தாங்க. "அக்கா, அது உங்களை எழுதல. அந்த ரீடிங்கை எழுதினேன்."

"ரீடிங் யாரோடது?"

"உங்களோடதுதான். ஆனா..."

"என் கழுத்துல எடுத்த ரீடிங்கு. அப்ப என்னைத்தான எழுதியிருக்கீங்க."

பெரிய டாக்டர் ஃபைலைப் பார்த்தார். பார்த்துட்டு சொன்னார், "சவரியம்மா, முதல் வாரம் உங்களுக்கு இடது பக்கம் அலை சின்னது. ரெண்டாவது வாரம் ரெண்டும் சமம். மூணாவது வாரம் இடது பெருசு. நாலாவது வாரம் ரெண்டுமே படுத்துக்கிச்சு. ஒரு காது வாராவாரம் இப்படி மாறாது. இந்தக் கணக்கு உதவாது, எடுத்துடலாம்னு நான்தான் சொன்னேன். இதுல கோபப்பட ஒண்ணுமில்ல."

எனக்கு அழுகையும் வரல ஒண்ணும் வரல, ஆத்திரம்தான் வந்தது. "நாலாவது வாரம் நீங்கதான சார் ரெக்கார்டுக் கட்டைப் பூரா மாடிக்குத் தூக்கச் சொன்னீங்க? தூக்கி வெச்சுட்டு நேரா வந்து படுத்தேன், கழுத்து என்ன செய்யும். முதல் வாரம் நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க, அதனால என்ன சொன்னாங்களோ அதை மட்டும் செஞ்சேன். நடுவுல ரெண்டு வாரம் நான் எவ்வளவு உதவி பண்ணியிருக்கேன் தெரியுமா? இடது பக்கம் அலை சின்னதா வருதேன்னு நானே கூடுதலா அழுத்திக் கொடுத்தேன். வலது பக்கம் கொஞ்சம் விட்டுப் பிடிச்சேன். அதெல்லாம் எழுதினீங்களா?"

மேடம் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க.

அப்புறம் மெதுவாக் கேட்டாங்க. "அலை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுக்கா?"

"அந்த அலமாரிக் கண்ணாடியில தெரியுதே. கட்டில்ல படுத்தா ஸ்க்ரீன் பூராவும் அதுல தெரியும்."

மேடம் போய் கட்டில்ல படுத்துப் பார்த்தாங்க. தலையைத் திருப்பிப் பார்த்தாங்க. எழுந்து உக்காந்து, "சார், தெரியுது சார்"னாங்க.

அதுல என்ன தப்பு, சொல்லுங்க. காது நல்லா இருக்கறவங்க பட்டியல்ல என்னைச் சேர்த்திருக்காங்க. ஒரு பக்கம் சின்னதா வந்தா அவங்களுக்குத்தான கஷ்டம். அந்தப் பொண்ணு ஸ்க்ரீனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கறதும் எனக்குத் தெரியும். பாவமா இருந்தது, கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். வேற யாராவது செய்வாங்களா?

ஆனா அந்தப் பொண்ணு அன்னைக்குப் பூரா ஒரு மாதிரியாவே இருந்துச்சு. கோபமில்ல. யோசனை. மத்தியானம் சாப்பிடாம வந்து என்னைப் பிடிச்சுக்கிச்சு. "அக்கா, நீங்க கூடுதலா அழுத்தினா அலை பெருசாகுது. குறைச்சா சின்னதாகுது. காது மாறல, கழுத்துதான் மாறியிருக்கு. நான் எல்லாருக்கும் தலையைத் திருப்புங்கன்னு மட்டும்தான் சொன்னேன். யார் எவ்வளவு விறைப்பா வெச்சாங்கன்னு நான் அளக்கவே இல்ல. உங்களுக்கு மட்டுமில்ல, இருபது பேருக்கும்."

"அப்ப இருபது பேரும் நம்ப முடியாதவங்களா?"

"நான்தான்க்கா சரியா எடுக்கல"ன்னுச்சு.

அந்த வார்த்தைக்கு அப்புறம் எனக்குக் கோபம் பாதி போயிடுச்சு. பாதி இருந்தது.

ரெண்டு நாள் கழிச்சு பிரஷர் பாக்கற பட்டை ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தாங்க. கையில சுத்திக் காத்தடிப்பாங்களே, அதேதான். அதை மடிச்சு, கொஞ்சம் காத்து ஏத்தி, என் உள்ளங்கையில வெச்சாங்க. கையைத் தாடையோட சேர்த்துக்கணும். தலையைத் திருப்பித் தாடையால அந்தப் பட்டையை அழுத்தணும். முள்ளு நாப்பதுல வந்து நிக்கணும். நாப்பதுக்குக் கீழ போனாலும் ஆகாது, மேல போனாலும் ஆகாது. இடது காதுக்கும் நாப்பது, வலது காதுக்கும் நாப்பது. சத்தம் நிக்கற வரைக்கும் முள்ளு அங்கயே இருக்கணும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம் கழுத்துக்கு ஓய்வு. வேற நாட்டுலயெல்லாம் முன்னாடியே இப்படிச் செஞ்சிருக்காங்கன்னு எங்கயோ படிச்சாங்களாம். படிச்சாங்களோ இல்லையோ, நான் சண்டை போடலைன்னா இந்தப் பட்டை இந்த ரூமுக்குள்ள வந்திருக்காது.

அலமாரிக் கண்ணாடியில ஒரு போர்வையைத் தொங்கவிட்டாங்க. அது எனக்காக. பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.

இருபது பேருக்கும் திரும்ப நாலு வாரம். எல்லாரும் முணுமுணுத்தாங்க, நான்தான் ஒவ்வொருத்தரையும் வார்டு வார்டாப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன். கேன்டீன்காரரை அடுப்புல இருந்து இழுத்துக்கிட்டு வந்தேன். ரெண்டாவது வாரத்துலயே மேடம் மொகத்துல தெளிவு வந்துருச்சு. போன வாரம் என்ன வந்ததோ, கிட்டத்தட்ட அதே இந்த வாரமும் வருது. ஏழாம் நம்பருக்கும் அப்படித்தான், பதினஞ்சாம் நம்பருக்கும் அப்படித்தான். கேன்டீன்காரருக்குக்கூட.

எனக்கும் அப்படித்தான் வந்தது. அலையோட அளவு, வலது பக்கம் நூத்தி எழுபத்தாறு. அடுத்த வாரம் நூத்தி எண்பது. அதுக்கடுத்து நூத்தி எழுபத்தெட்டு. இடது எண்பத்தஞ்சு. எண்பத்தி ரெண்டு. எண்பத்தாறு.

மூணாவது வாரம் மேடம் ஸ்டிக்கரையெல்லாம் எடுத்துட்டுப் புதுசு ஒட்டி இன்னொரு தடவை எடுத்தாங்க. ஒயரை மாத்தினாங்க. காதுக் குழாயை இடதுக்கு வலது, வலதுக்கு இடதுன்னு மாத்தினாங்க. எண்பத்து நாலு. என் தோள்ல கையை வெச்சுக்கிட்டு நின்னாங்க. எதுக்கு நிக்கறாங்கன்னு எனக்குப் புரியல.

பெரிய டாக்டர்தான் சொன்னார். "சவரியம்மா, இடது காதுல ஆடாம நிக்க வெக்கற இடம் பாதிதான் வேலை செய்யுது."

"இருக்காது சார். எனக்குத் தலைசுத்தலே கிடையாது."

"எப்பவாவது காய்ச்சல் வந்து வாந்தியோட படுத்தீங்களா?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாரம் படுத்தேன். அது பித்தம்."

"தலை சுத்துச்சா?"

"தலை சுத்தல சார். கட்டில் சுத்துச்சு."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கீழ பார்த்தாங்க. "போன மழையில கரண்ட் போச்சே, ஸ்டோர் ரூம்ல விழுந்தீங்களேக்கா"ன்னாங்க.

"அங்க வாளி இருந்தது மேடம்."

இருந்தது. நான் தட்டிவிட்டதா, விழுந்தப்புறம் பட்டதான்னு தெரியாது. ஆனா வாளி இருந்தது.

பெரிய டாக்டர் பேனாவை மூடினார். "சரி நிலோஃபர், காது நல்லா இருக்கறவங்க பட்டியல்ல இவங்களை வெச்சுக்க முடியாது. மூணாம் நம்பரை எடுத்துடு."

அப்பத்தான் எனக்கு மறுபடியும் ஏறுச்சு. கட்டில்ல இருந்து இறங்கி நின்னேன், கழுத்துல ஸ்டிக்கரோட. "முன்னாடி நம்பர் மாறுதுன்னு எடுக்கச் சொன்னீங்க. இப்ப நம்பர் மாறல. இப்பவும் எடுக்கச் சொல்றீங்க. நான் என்னதான் சார் செய்யணும்?"

அவர் ஃபைலைப் புரட்டினார். மேடம்தான் பேசினாங்க. சார்கிட்ட எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்ல அவங்களை.

"சார், இவங்களை எடுக்க வேணாம் சார். நல்லா இருக்கறவங்ககிட்ட மட்டும் ஒரே அளவு வந்தா போதாதே. காது கெட்டவங்ககிட்டயும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு வருதான்னு பார்க்கணும்ல. இன்னொரு பட்டியல் போடறேன். இவங்களை அதுல முதல்ல எழுதறேன்."

காது கெட்டவங்கன்னு சொன்னதுதான் பிடிக்கல. ஆனா முதல்ல எழுதறேன்னு சொன்னாங்க. அந்தச் சிவப்பு எழுத்தை என் கண்ணு முன்னாடியே அடிச்சாங்க. நான் அடிக்கச் சொல்லிக் கேக்கல.

இதோட முடிஞ்சிருக்கணும். முடியல. ஒரு வாரம் கழிச்சு எனக்கு ஆர்டர் வருது, கீழ ரெக்கார்டு ரூமுக்கு மாத்தியிருக்காங்கன்னு. உக்காந்து பார்க்கற வேலை. நேரா பெரிய டாக்டர்கிட்ட போனேன்.

"உங்க நல்லதுக்குத்தான்"னார். "டெஸ்ட்டு முடிஞ்சு எழுந்திரிக்கறவங்க தள்ளாடுவாங்க. நீங்கதான் பிடிக்கணும். அவங்க சாயறப்போ நீங்களும் சாஞ்சீங்கன்னா?"

"ஒன்பது வருஷத்துல ஒருத்தரையாவது கீழ விட்டிருக்கேனா சார்?"

"இல்ல. ஆனா இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

நான் சொன்னேன், "உங்களுக்குத் தெரிஞ்சதே என் கழுத்தாலதான். அதை வெச்சே என்னை அனுப்பறீங்களா?"

அப்புறம் இங்க உள்ள ஒரு தடிச்ச பஞ்சு மெத்தை இருக்கு, பார்ப்பீங்க, அதுமேல ஏறிக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கச் சொன்னார். முப்பது எண்ணற வரைக்கும் நின்னா இங்கயே இருக்கலாம்னார். நான் செருப்பைக் கழட்டிட்டு ஏறினேன். ஒன்பதுல மேடம் என்னைப் பிடிச்சாங்க. மெத்தை பழசு, நடுவுல குழி. அதைச் சொன்னேன். யாரும் கேக்கல.

"ஆறு வாரம் கொடுங்க சார்"னு மேடம் கேட்டாங்க. நான் கேக்கல, அவங்க கேட்டாங்க. சரி, ஆறு வாரம் கழிச்சு மறுபடியும் மெத்தையில ஏறட்டும்னார் பெரிய டாக்டர். காது திரும்ப வராதாம். ஆனா கண்ணும் காலும் மத்தக் காதும் சேர்ந்து அந்த வேலையைக் கத்துக்குமாம், பழக்கினா. செவுத்துல ஒரு எழுத்தை ஒட்டி, அதைப் பார்த்துக்கிட்டே தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டணும். தலையணை மேல நிக்கணும். ஒரு கால்ல நிக்கணும். கண்ணை மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்கணும். முதல் வாரம் வாந்தி வந்தது, அது நான் வெறும் வயித்துல செஞ்சதால. எங்க வீட்டுக்காரர் என்னமோ சாமி வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டார். தினம் காலையில ஒரு தடவை, வேலைக்கு வந்து மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் வீட்டுல ஒரு தடவை. ஒரு நாள் விடல.

எனக்கு ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு இவ்வளவு செஞ்சேன்னு கேப்பீங்க. அவங்க வாயை அடைக்கறதுக்குத்தான்.

ஆறாவது வாரக் கடைசியில மேடம் அந்தக் கழுத்து டெஸ்ட்டையும் எடுத்தாங்க. இடது எண்பத்தஞ்சு. ஒரு பொட்டு மாறல. "பார்த்தீங்களா, வித்தியாசம் இல்ல"ன்னேன், எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மேடம் சிரிச்சாங்க. "மாறக் கூடாதுக்கா. இது காது. நீங்க போய் மெத்தையில ஏறுங்க."

உங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் மறந்துடுவேன். உள்ள போனீங்கன்னா முள்ளு நாப்பதுல வெச்சுக்கங்க. நல்லபடியா வரணும்னு கூடுதலா அழுத்தாதீங்க. வலிச்சா சொல்லுங்க, நிறுத்துவாங்க. என்னவோ வரட்டும். வர்றது உங்களோடதா இருக்கணும்.

அன்னைக்குப் பெரிய டாக்டரும் வந்தார். வாட்சைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டார். நான் ஏறினேன். அதே பழைய மெத்தை, அதே குழி. கையை மார்புல கட்டிக்கிட்டேன், கண்ணை மூடினேன். அவர் சத்தமா எண்ணினார். பத்துல கால் நடுங்குச்சு, பெருவிரலை ஊணிக்கிட்டேன். இருபதுல இடது பக்கம் இழுத்துச்சு, இடுப்பால திருப்பிக்கிட்டேன். முப்பது எண்ணி முடிச்சார்.

"போதும் சவரியம்மா, இறங்குங்க"ன்னார்.

நான் கண்ணைத் திறக்கல. "நீங்க எண்ணிக்கிட்டே இருங்க சார்"னேன்.

எண்ணினார். ஐம்பத்தி ரெண்டுல மேடம் வந்து கையைப் பிடிச்சு இறக்கினாங்க. நானா இறங்கல.